மூக்கியும் ஏழு அரிசியும்

என்னைவிட மூன்று மாதம் இளையவளே, அன்புள்ளவளே,

நேற்று மெல்பர்னிலிருந்து ஒரு தபால் உறை வந்தது. மேலே உன் மகள் நித்யாவின் கையெழுத்து. உள்ளே ஒரு காலி மாத்திரைக் குப்பி. ஆட்டிப் பார்த்தேன், சலசலத்தது. மூடியைத் திருகினால் ஏழு அரிசி. மஞ்சள் பாதி வெளுத்துப்போய், ஆனால் ஒன்றுகூட முனை முறியாமல் ஏழு பச்சரிசி. மூக்கருகே கொண்டுபோனேன். மஞ்சள் வாசனையும் இல்லை, நெய் வாசனையும் இல்லை. பெட்ரோலும், வெயிலில் காய்ந்த பழைய ரெக்ஸினும் கலந்த உன் காரின் வாசனை. அழுகை வரும் என்று தயாராகத்தான் இருந்தேன். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன்.

கூடவே ஒரு குறிப்பு. பழுதான சீட் பெல்ட்டை மாற்ற வந்த மெக்கானிக் டிரைவர் சீட்டைக் கழற்றினாராம், அதன் இரும்புத் தண்டவாளத்துக்குள் இவை கிடந்தனவாம். எல்லாம் ஆங்கிலத்தில். ஒரே ஒரு வரி மட்டும் தமிழ், அதுவும் ஆங்கில எழுத்தில்: "இது உங்க அரிசி, ஆன்ட்டி." அதற்குக் கீழே நித்யா இன்னொன்றும் கேட்டிருந்தாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அரிசியை இப்படித் தபாலில் நாடு விட்டு நாடு அனுப்ப அனுமதி உண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்கிறாயா? வாழ்நாளெல்லாம் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்தே தலை நரைத்த எனக்கு இது தெரியாது. தேடிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தேடப் போவதில்லை. நீ இருந்திருந்தால் இதைக் கேட்டுக் கைதட்டியிருப்பாய்.

நீ அந்தக் காரை வாங்கிய வாரம் நினைவிருக்கிறதா? விவாகரத்துத் தீர்ப்பு திங்கட்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை டெக்சாஸில், சுகர் லேண்டில் என் வீட்டு வாசலில் ஒரு சத்தம். குப்பை லாரி என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். ஆகாய நீலத்தில், இரண்டே பேர் உட்காரும், கூரை மடங்கும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். நம் இருவரையும்விட வயதில் மூத்தது. பாதி வண்டி பானெட்டாகவே இருந்தது. என்னடி இவ்வளவு நீள மூக்கு என்றேன். அன்றிலிருந்து அவள் பெயர் மூக்கி.

அப்போது உனக்குக் கியர் மாற்றவே தெரியாது. விற்றவரே ஓட்டிவந்து விட்டுவிட்டு, நடந்து போய் டாக்ஸி பிடித்தார். எனக்குக் கோபமான கோபம். "ஓட்டத் தெரியாத வண்டிய எதுக்குடி வாங்கினே?" என்று நடு வாசலில் நின்று கத்தினேன். நீ ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "பதினெட்டு வருஷம் பாசெஞ்சர் சீட்ல உக்காந்தாச்சுடி. ஃப்ரீவே உனக்கு ஒத்துவராதுன்னு அவர் சொல்லுவார், நானும் சரின்னு ஜன்னலைப் பாத்துட்டு வருவேன். இனிமே ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்தான் உக்காருவேன். அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடத்தின் பார்க்கிங்கில்தான் பழகினாய். பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு வெளியே நிற்கும் பெற்றோர் கூட்டத்துக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு அமையவில்லை. வண்டி துள்ளும், நின்றுபோகும், மறுபடி துள்ளும். டிவோர்ஸ் ஆனவங்க யோகா கிளாஸ் போவாங்க, இவ என்னடான்னா ரேஸ் ஓட்டறா என்று ஒரு ஆன்ட்டி சொன்னது என் காதில் விழுந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், பொறுக்க முடியாமல் காரில் ஏறியதுமே சொல்லிவிட்டேன். நீ ஜன்னலை இறக்கி, "ஆன்ட்டி, ஒரு ரவுண்டு வரேளா?" என்று கூப்பிட்டாய். அவர் வந்தார்! இறங்கும்போது தலை கலைந்து, முகமெல்லாம் சிரிப்பு. அதன் பிறகு அந்த ஆன்ட்டி உன்னைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை பேச விட்டதில்லை.

பிறகு நித்யா வேலை கிடைத்து மெல்பர்ன் போனாள், அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. குழந்தை உண்டானதும் உன்னை நிரந்தரமாக வந்துவிடச் சொன்னாள். அன்று நானும் உன் வீட்டில்தான் இருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. கிளம்பற தேதி வரைக்கும் எல்லாம் பேசி, நீயும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாய். கடைசியில் அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னாள்: "அம்மா, காரை வித்துடு. யு டோன்ட் நீட் எ கார் ஹியர். வி வில் டிரைவ் யு எவ்ரிவேர்."

உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவளுக்கு எங்கே தெரியும்? நீ மெதுவாகச் சொன்னாய்: "கண்ணா, நான் வரணும்னா மூக்கியும் வரணும். அவ வரலைன்னா நானும் வரலை." நித்யா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாய். "ஷிப்பிங் டாக்குமெண்ட்ஸ்ல உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. என்னை அனுப்பி வை."

வால்வும் பம்பும் ஏற்றி அனுப்பிப் பழகிய எனக்கு ஒரு கார் எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன். ஆஸ்திரேலிய விதிகளைப் படிக்க உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கப்பல் ஏறும் முன்பே அந்த ஊரின் இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும். பழைய வண்டிகளின் பிரேக்கிலும் கிளட்ச்சிலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கும், ஒரு துணுக்குகூட அங்கே நுழையக்கூடாது. ஆகவே பிரேக், கிளட்ச், எஞ்சினின் அடைப்புகள் என்று எல்லாவற்றையும் மாற்றி, ஆய்வகத்தில் சோதித்து, சான்றிதழ் வாங்கினோம். வண்டி உன்னுடையதுதான் என்பதற்கு டெக்சாஸ் கொடுத்த டைட்டிலின் அசலை மூன்று நாள் முன்னதாகவே துறைமுகச் சுங்கத்தில் காட்ட வேண்டும். அந்தக் காகிதத்தை நீ சமையலறையில் கூப்பன்களோடு சேர்த்து வைத்திருந்தாய். நான் உன்னைத் திட்டிய திட்டு உனக்கு மறந்திருக்காது.

எல்லாவற்றையும்விட அவர்கள் பயப்படுவது மண்ணுக்கும் விதைக்கும்தான். வேறு நாட்டுப் புல் விதை ஒன்று டயரில் ஒட்டி வந்தாலும் வண்டியை நிறுத்திவைத்துவிடுவார்கள், திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒரு வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து மூக்கியைக் கழுவினோம். அடிப்பாகத்துக்கு நீராவி. மடிப்புகளுக்கு டூத் பிரஷ். டிக்கியின் மூலையிலிருந்து நீ ஒரு பழைய பைன் மர ஊசியை எடுத்தபோது நான் அதைக் கவரில் போட்டுத் தேதி எழுதியதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். ஆமாம், எழுதினேன். சனிக்கிழமை மாலை, இந்த வண்டியில் மண், விதை, தானியம், தாவரப் பொருள் எதுவும் இல்லை என்ற உறுதிமொழியை நானே தட்டச்சு செய்து, நீ கையெழுத்துப் போட, சாட்சியாக நானும் போட்டேன். போட்டபோது அது சத்தியமான உண்மை.

லாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு மனசு கேட்கவில்லை. கடல் தாண்டிப் போகிற வண்டி, ஒரு பூஜை போடாமல் எப்படி அனுப்புவது? உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கராஜ் கதவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டு, நான் சந்தனம் குங்குமம் வைப்பதையும் கற்பூரம் காட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாய். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை. நீ ஏறி உட்கார்ந்து ஓரடி நகர்த்தினாய். நான் நசுங்கிய நாலையும் எண்ணிப் பொறுக்கி, டயரைக் கழுவி, குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்து, துணியைக்கூடக் குப்பையில் போட்டேன். என் ஒழுங்கைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போது நீ டிரைவர் சீட்டிலிருந்தே கேட்டாய்: "காருக்கு எல்லாம் பண்ணிட்டே. எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"உனக்கென்ன?"

"நீதான் என்னைவிட மூணு மாசம் பெரியவளாச்சே. ஆசீர்வாதம் பண்ணுடி."

விளையாட்டாகத்தான் கேட்டாய். ஆனால் கண்ணைப் பார்த்தால் விளையாட்டாக இல்லை. அம்மா அப்பா இல்லாதவள், இன்னொரு நாட்டுக்குக் குடிபோகிறவள், உன்னைவிடப் பெரியவளாக உனக்கு இந்த ஊரில் நான்தான் இருந்தேன். உள்ளே ஓடினேன். ஒரு கைப்பிடி பச்சரிசி, மஞ்சள், இரண்டு சொட்டு நெய். பிசைந்துகொண்டு ஓடிவந்தேன். நீ கூரையை மடக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றி படும்படி குனிந்திருந்தாய். நல்லாயிரு, நல்லாயிரு, நல்லாயிரு என்று மூன்று தடவை உன் தலையில் போட்டேன். பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். நீ உள்ளே போய் முகம் கழுவினாய், நான் தோசை வார்த்தேன்.

அரிசி எனக்கு நினைவே வரவில்லை. உன் கூந்தலிலிருந்து உதிர்ந்ததைத் தரையில் பெருக்கினேன், அவ்வளவுதான். விதை கூடாது, தானியம் கூடாது என்று எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்த நான், ஒரு நாள் கழித்து ஒரு கைப்பிடி தானியத்தைத் திறந்த காருக்குள் வீசினேன். அது எனக்குத் தானியமாகவே தோன்றவில்லை. அட்சதை எப்படித் தானியமாகும்?

மறுநாள் மூக்கி கண்டெய்னரில் ஏறினாள். பத்து நாள் கழித்து நீ விமானம் ஏறினாய். திரும்பி வரும் டிக்கெட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனாய். மூக்கியை உள்ளே விடலைன்னா அடுத்த ஃபிளைட்டுல வந்துடுவேன் என்று ஏர்போர்ட்டில் நித்யாவிடம் போனில் சொன்னாய். நித்யாவுக்கு அப்போது ஆறாம் மாதம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை. இந்தியக் கடை பார்க்கிங்கில் இருந்தேன், கையில் கறிவேப்பிலை. உன் போன். உனக்கு அங்கே காலை.

"அடியே, நீ எனக்கு எவ்ளோ அரிசி போட்டே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. சோதனைக் கிடங்கில் அதிகாரி மூக்கியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாராம். சுத்தமாக இருக்கிறதே என்று பாராட்டவும் செய்தாராம். கடைசியாக ஹீட்டரின் விசிறியைப் போட்டிருக்கிறார். கண்ணாடிக்குக் கீழே இருந்த துவாரத்திலிருந்து மஞ்சளாக ஒன்று துள்ளி டாஷ்போர்டில் விழுந்ததாம். பின்னாலேயே இன்னொன்று. பிறகு சீட்டுக்கு அடியில், கார்ப்பெட் ஓரத்தில், கியர் உறைக்குள். பொறுக்கிப் பொறுக்கி ஒரு பையில் போட்டார்களாம்.

"யார் போட்டதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன்."

"ஏண்டி? நான்தானே போட்டேன்!"

"என் தலைலதானே விழுந்தது? அப்போ என்னுதுதான். வண்டிய ஹோல்ட்ல வெச்சிருக்காங்க. ட்ரீட் பண்ணி விடுவாங்களா, திருப்பி அனுப்புவாங்களான்னு நாளைக்குத்தான் தெரியும்."

திருப்பி அனுப்புவார்கள் என்று நீ சொன்னதும் என்ன நடந்தது தெரியுமா? இதை உன்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது. மூக்கி திரும்பி வந்தால் நீயும் வந்துவிடுவாய். சனிக்கிழமை காலையில் வாசலில் அந்தச் சத்தம் மறுபடி கேட்கும். கறிவேப்பிலைப் பையைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிங்கில் வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன். நான் வேண்டுமென்றே அரிசி போடவில்லை, சத்தியம். ஆனால் அந்த ஒரு நொடி என்னுடையது. மன்னித்துவிடு.

மறு நொடியே நீ பாசெஞ்சர் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவது கண்ணில் வந்தது. வீட்டுக்குக்கூடப் போகவில்லை. காரிலேயே லேப்டாப்பைத் திறந்து அந்த அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பொருள்: உடையாத பச்சரிசி, மஞ்சள் தூளும் நெய்யும் கலந்தது. அளவு: என் வலது கையில் ஒரு பிடி. நோக்கம்: ஆசீர்வாதம். எங்கள் வழக்கத்தில் வயதில் மூத்தவர், பயணம் போகும் இளையவரின் தலையில் இதைத் தூவி வாழ்த்துவார். தூவியவர்: கீழே கையெழுத்திடும் நான். நான் வண்டியின் உரிமையாளரைவிட மூன்று மாதம் மூத்தவள், பிறப்புச் சான்றிதழ்கள் இணைக்கப்பட்டுள்ளன. உறுதிமொழியில் கையெழுத்திட்ட மறுநாள் இது நடந்தது. குற்றம் என்னுடையது. அவர் தலைகுனிந்திருந்ததால் எவ்வளவு விழுந்தது என்று பார்க்க வாய்ப்பில்லை."

இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழையும் உண்மையிலேயே இணைத்தேன். அதைச் சொல்லிச் சொல்லி நீ ஆயுசுக்கும் சிரித்தாய்.

மறுநாள் அவர்கள் சொன்னது: வண்டியை மறுபடி முழுதாகச் சுத்தம் செய்து, சூடேற்றி, மறுபடி சோதிப்போம், தேறினால் விடுவோம். பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளும் நான் சாப்பாட்டில் அரிசியே சேர்க்கவில்லை. வேண்டுதல் என்று சொன்னால் நீ சிரிப்பாய் என்று டயட் என்றேன். பதின்மூன்றாம் நாள் நீ கூப்பிட்டாய். எடுத்ததும் "என்ன அரிசி?" என்றாய். மூக்கியை விட்டுவிட்டார்கள் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. அந்த அதிகாரி சாவியைக் கொடுக்கும்போது, அடுத்த தடவை வெறும் கையால் ஆசீர்வாதம் பண்ணச் சொல்லுங்கள் உங்கள் மூத்தவரை என்றாராம். அன்றிலிருந்து உனக்கு நான் அரிசி. என் பெயரை நீ அதற்குப் பிறகு சொல்லியே நான் கேட்டதில்லை.

அதோடு முடிந்ததா? பதிவு பாக்கி இருந்தது. அங்கே வண்டிகளுக்கு ஸ்டியரிங் வலது பக்கம், மூக்கிக்கு இடது பக்கம். இத்தனை வயதான வண்டி என்பதால் அப்படியே விட்டார்கள். பின்னால் 'இடது கை ஓட்டம்' என்று பலகை ஒட்ட வேண்டும் என்றார்கள். இஞ்சினியர் ஒருவர் வந்து, இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது, தோள் பெல்ட் வேண்டும் என்றார். விளக்கைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு ரவுண்டு சும்மா ஓட்டிப் பார்த்தார். பேரன் பிறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் உனக்கு நம்பர் பிளேட் வந்தது.

முதல் நாள் எங்கே போனாய் என்று கேட்டேன். கோயிலுக்கு என்று சொல்வாய் என்று நினைத்தேன்.

"கொத்தமல்லி வாங்கப் போனேன்."

"பக்கத்துல கிடைக்காதா?"

"கிடைக்கும். இருபது மைல் தள்ளிப் போய் வாங்கினேன். தனியா. ஒரு கட்டு." பிறகு சொன்னாய்: "திரும்பற டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன், அரிசி."

நான் வந்தது மறு வருஷம். ஏர்போர்ட்டுக்கு நீயேதான் மூக்கியில் வந்தாய். பழக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். ஏறின பிறகுதான் உறைத்தது. அந்த ஊரில் எல்லா வண்டியிலும் ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் நான் இருக்கிறேன், என் கையில் ஸ்டியரிங் இல்லை. எதிரே வருகிற வண்டிகளெல்லாம் என் மடிமேலேயே வருகின்றன. பயத்தில் பையைத் திறந்து, உனக்குக் கொண்டுவந்த முறுக்கை எடுத்து நானே தின்ன ஆரம்பித்தேன். சிக்னலில் எதிர் வரிசையில் நின்ற லாரிக்காரர் என்னையே பார்த்தார். டிரைவர் சீட்டில் ஒரு அம்மாள், ஸ்டியரிங்கைத் தொடாமல் இரண்டு கையாலும் முறுக்கை உடைத்துக்கொண்டு, வண்டி தானாக நகர்கிறது. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. உனக்குச் சிரிப்பில் கிளட்ச் நழுவி வண்டி நின்றுபோனது. பின்னால் எல்லோரும் ஹாரன். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான டிராஃபிக் ஜாம் இன்னொன்று கிடையாது.

ஊருக்கு வெளியே இருவழிச் சாலைக்கு வந்ததும்தான் என் வேலை என்ன என்று சொன்னாய். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற உனக்கு முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிர்ப்பக்கம் தெரியாது. வலது பக்கம் இருக்கும் எனக்குத்தான் தெரியும். "நீ பாத்துச் சொல்லணும். நான் 'போலாமா'ன்னு கேப்பேன். கிளியரா இருந்தா போன்னு சொல்லு."

"போலாமா?"

"இரு."

"போலாமா?"

"இரு, இரு. தூரத்துல ஏதோ வருது."

"அது மலைடி. போலாமா?"

"இருன்னா இரு!"

நான் சரி சொல்வதற்குள் அந்த லாரியே வலது பக்கம் திரும்பி ஒரு பண்ணைக்குள் போய்விட்டது. "நீ போன்னு சொல்றதுக்குள்ள லாரி வீட்டுக்குப் போய் காலை நீட்டிப் படுத்துடுச்சு" என்றாய். கடைசியில் ஒரு பால் வண்டியைத் தாண்ட, கண்ணை இறுக மூடிக்கொண்டு "போ!" என்று கத்தினேன். மூடியிருந்ததை உன்னிடம் சொல்லவில்லை. அதையும் இப்போது சொல்லிவிட்டேன். மூக்கி பாய்ந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் கூவினாய். நானும் கூவினேன்.

ஊர் திரும்பிய பிறகு வாரா வாரம் போன். வலது பக்கம் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் ஓவர்டேக்கே பண்ணுவதில்லை, பால் வண்டிக்குப் பின்னால் பொறுமையாகப் போகிறேன் என்பாய். வா வா என்பாய். நானும் வருகிறேன் வருகிறேன் என்பேன். பேரனுக்கு இரண்டு வயதானது. உடம்பு முடியாமல், நீயே ஓட்டிக்கொண்டு போய் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு, நீயே ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தாய். நோய் என்னவென்று தெரிந்த பிறகு ஆறு வாரம்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். செவ்வாய்க்கிழமை நித்யா போனை உன் காதருகே வைத்தாள்.

"என்ன அரிசி. போலாமா?"

"இருடி. வெள்ளிக்கிழமை வந்துடறேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாய். "நீ எப்பவுமே லேட்டாத்தான் சொல்லுவே." புதன்கிழமை நீ போய்விட்டாய். என்னைக் குறை சொல்லவில்லை நீ, சிரித்தாய். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் என்னால் உன்னை நினைத்து ரொம்ப நேரம் அழ முடிவதில்லை.

சரி, நித்யா என்ன கேட்டாள் என்று சொல்கிறேன். மூக்கியின் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி உன் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் அவள் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும். அவளுக்கு விற்க மனமில்லை, ஓட்டவும் பயம். கணவர் ஓட்டுகிறேன் என்கிறாராம், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாமா ஆன்ட்டி என்று கேட்டிருந்தாள். பக்கத்தில்! உன் வயிற்றில் பிறந்தவள்!

அவளுக்குக் காலை விடியட்டும் என்று காத்திருந்து கூப்பிட்டேன். "விக்கக் கூடாது. உன் பேருக்கு மாத்து. ஃபார்ம்ஸ் எல்லாம் எனக்கு ஸ்கேன் பண்ணி அனுப்பு, நான் பாத்துக்கறேன்."

"ஆன்ட்டி, ஐ கான்ட் ஸீ எனிதிங் ஆன் தி ரைட்."

"உங்கம்மாவுக்கும்தான் தெரியாது. நீ ஓட்டு. நான் வந்து வலது பக்கம் உக்காந்து பாத்துச் சொல்றேன்."

அப்புறம் தமிழில் சொன்னாள்: "நீங்க லேட்டா சொல்வீங்கன்னு அம்மா சொல்லுவா." சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. நானும் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

டிக்கெட் போட்டாயிற்று. விமானத்தில் ஒரு சீட்டு கொடுப்பார்கள், அதில் தானியம் ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். இந்த முறை இல்லை என்று உண்மையாகவே எழுதுவேன். உன் ஏழு அரிசியும் என் காரில் கப் ஹோல்டரில், குப்பியோடு இங்கேயே இருக்கட்டும். ஐம்பத்தொன்பதாம் நம்பர் ஃப்ரீவேயில் ஏறும்போதெல்லாம் அது சலசலக்கும். நித்யா ஸ்டியரிங்கில் தலை குனிந்தால் அந்த அதிகாரி சொன்னபடி வெறும் கையை வைத்து, நல்லாயிரு என்று மூன்று தடவை சொல்வேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு, முறுக்கை மடியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு எதிரே பார்ப்பேன். அவள் போகலாமா என்று கேட்டதும், இந்தத் தடவை தாமதிக்காமல், போ என்று சொல்வேன்.

அரிசி